வெராக்ரூஸ் மலையும் தொலைக்காட்சி அலையும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

மின்காந்த அலைகள் பற்றிய பாடத்தின்போது எங்கள் பேராசிரியர் ஒரு கணக்குக் கொடுத்தார். உலகில் ஏதேனும் ஒரு மலையை எடுத்துக்கொண்டு, அதன் உச்சியிலிருந்து தொலைக்காட்சி அலை எவ்வளவு தூரம் செல்லும் எனக் கண்டுபிடிக்க வேண்டும். வகுப்பில் பலர் இமயமலையைப் பிடித்துக்கொண்டனர். நான் நூலகத்து அட்லஸைப் புரட்டி மெக்ஸிகோ நாட்டின் கிழக்குக் கரையில் உள்ள வெராக்ரூஸ் மாநிலத்துக்குப் போனேன். கடலோரக் கிராமத்தில் பிறந்தவன் அல்லவா, கண் அங்கேதான் போயிற்று.

மெக்ஸிகோ வளைகுடாவை ஒட்டி, நீண்டு ஒடுங்கிய மாநிலம் அது. மேற்கே கோஃப்ரே தெ பெரோத்தே என்னும் அணைந்த எரிமலை நிற்கிறது. உயரம் 4,282 மீட்டர். 1804இல் ஹம்போல்ட் என்ற ஜெர்மானிய அறிஞர் இதில் ஏறியிருக்கிறார். உச்சியில் பெட்டி போன்ற ஒரு பாறை இருப்பதால் இப்பெயர். கோஃப்ரே என்றால் ஸ்பானிய மொழியில் பெட்டி. இன்று அந்தப் பாறையைச் சுற்றி ஆன்டெனாக்கள் காடுபோல நிற்கின்றன. ஒரு பெட்டியிலிருந்து பல பெட்டிகளுக்குப் படம் போகிறது என்று எண்ணிச் சிரித்துக்கொண்டேன்.

இனிக் கணக்கு. தொலைக்காட்சி அலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்லும், பூமியோ உருண்டை. ஆகவே அடிவானத்துக்கு அப்பால் அலை எட்டுவதில்லை. உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் கண்ணுக்குத் தெரியும் அடிவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். மேலே போகப் போகக் காற்றின் அடர்த்தி குறைவதால் வானொலி அலை சற்றே கீழ்நோக்கி வளைகிறது, எனவே 3.57க்குப் பதில் 4.12 என்று கொள்வர். கோஃப்ரே உச்சிக்கு விடை சுமார் 270 கிலோமீட்டர். தரையில் 30 மீட்டர்க் கோபுரம் ஒன்றை நட்டால் 23 கிலோமீட்டர்கூட வராது.

விடையைப் பெருமையோடு நீட்டினேன். "வாங்குகிற வீட்டு ஆன்டெனாவின் உயரம் எங்கே?" என்று கேட்டுத் தாளைத் திருப்பித் தந்துவிட்டார் பேராசிரியர். 10 மீட்டர் என்று கொண்டால் இன்னும் 13 சேரும், ஆக 283.

தலைநகர் ஹலாப்பா மலையடிவாரத்தில்தான் உள்ளது. வெராக்ரூஸ் துறைமுகம் 110 கிலோமீட்டர் சொச்சம். இரண்டுக்கும் கவலையில்லை. ஆனால் வடகோடியில் பானுகோ சுமார் 300 கிலோமீட்டர். தென்கோடியில் கோவாட்சகோவால்கோஸ் 320. அத்தனை உயர்ந்த மலையும் மாநிலத்தின் இரு முனைகளைத் தொடவில்லை! தெற்கே துஸ்த்லா எரிமலைகள் வேறு குறுக்கே நின்று நிழல் வீழ்த்துகின்றன. ஆகவே அந்தப் பகுதிகளுக்குத் தனி நிலையங்கள் இன்றி வழியில்லை.

இம்மாநிலத்தோடு ஒரு துயரமும் சேர்ந்திருக்கிறது. வண்ணத் தொலைக்காட்சிக்கு 1940இல் மெக்ஸிகோவிலும் 1942இல் அமெரிக்காவிலும் காப்புரிமை பெற்றவர் கீயெர்மோ கொன்ஸாலஸ் கமரேனா. அப்போது அவர் இருபதுகளில் இருந்த இளைஞர். 1952இல் அவர் தொடங்கிய ஐந்தாம் அலைவரிசையின் அழைப்புக்குறி எக்ஸ்.எச்.ஜி.சி.; கடைசி இரண்டு எழுத்துகள் அவர் பெயருக்குரியவை. 1965 ஏப்ரல் 18 அன்று, வெராக்ரூஸ் மாநிலத்து லாஸ் லாஹாஸ் என்னுமிடத்தில் ஒளிபரப்பு நிலையத்தைப் பார்வையிட்டுத் திரும்பும் வழியில் கார் விபத்தில் மாண்டார். வயது 48. அலையை எட்டாத ஊருக்கு எட்டச் செய்யும் வேலையிலேயே போன உயிர் அது.

2015 டிசம்பர் 31 நள்ளிரவோடு அந்நாட்டின் பெரிய நிலையங்கள் அனலாக் ஒளிபரப்பை நிறுத்தின. பழைய பெட்டியில் டிஜிட்டல் அலை தெரியாது. ஏழைகள் என்ன செய்வார்கள்? 2013 மே மாதம் தீஹுவானா நகரில் முதலில் நிறுத்திப் பார்த்தபோது பல வீடுகள் இருண்டன. தேர்தலும் நெருங்கியதால் சில நாட்களில் பழைய அலையைத் திரும்பக் கொண்டுவந்தனர். ஜூலையில்தான் மீண்டும் நிறுத்த முடிந்தது. பின்னர் நாடெங்கும் ஏழைக் குடும்பங்களுக்கு ஏறத்தாழ ஒரு கோடி டிஜிட்டல் பெட்டிகளை அரசே இலவசமாக வழங்கியது. டிஜிட்டலில் ஒரு கொடுமை உண்டு. அனலாக்கில் அலை நலிந்தால் படத்தில் புள்ளி விழும், ஆயினும் முகம் தெரியும். டிஜிட்டலில் ஓர் அளவுக்குக் கீழே போனால் முற்றும் இருட்டு. மலை நிழலில் குடியிருப்பவனுக்கு இந்த வேறுபாடு சிறிதன்று.

விடுமுறையில் இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். அவர் பள்ளிக்கூடம் போனதில்லை.

"மாசம் எவ்வளவுடா கட்டணும்?" என்றார்.

"ஒண்ணும் வேண்டாம்பா. ஏரியல் இருந்தாப் போதும்."

"மழை பெஞ்சா நின்னு போயிடாதா?"

பேராசிரியர் கேட்க மறந்த கேள்வி! எங்கள் வீட்டில் இருப்பது டிஷ். கார்த்திகை மாதத்துப் புயல்மழையில், செய்தி வேண்டிய நேரம் பார்த்து அது நின்றுவிடும். டிஷ்ஷுக்கு வரும் அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவே. மழைத்துளிகள் அதை விழுங்கிவிடுகின்றன. தரைவழித் தொலைக்காட்சி அலையின் நீளம் அரை மீட்டர் அளவு. துளிகளை அது பொருட்படுத்துவதில்லை. வெராக்ரூஸும் புயல் நிலமே. 2021 ஆகஸ்டு 21இல் கிரேஸ் என்ற புயல் தெகோலுத்லா அருகில் கரையேறியது. மின்சாரமும் கோபுரமும் நிற்கும்வரை அங்கே ஏரியல் உள்ளவனுக்குச் செய்தி வரும்.

அப்பா சற்று யோசித்தார். "நம்ம பழைய ஏரியல் கொல்லையிலதான் கிடக்குது" என்றார். அதை மாட்டினாலும் பிடிப்பதற்கு எங்கள் ஊர்ப்பக்கம் இப்போது அலை இல்லை என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நின்றேன்.