அடைபட்டிருப்பது எந்த வாயில்?
செயற்கை நுண்ணறிவுச் சேவை திறக்க மறுக்கும்போது செய்ய வேண்டியவை

ஞாயிற்றுக்கிழமை மாலை வேளைகளில் சிங்கப்பூரின் ஃபேரர் பார்க் வட்டாரத்திற்குச் சென்றவர்கள் அங்கு கூடும் மக்கள் வெள்ளத்தைக் கண்டிருப்பர். ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் ஆலயத்தின் அருகிலும், சையது ஆல்வி சாலைக் கடைகளின் முன்னும், நிலத்தடி இரயில் நிலைய வாயிலிலும் ஊழியர்கள் குழுமியிருப்பர். வாரம் முழுதும் உழைத்த கைகளில் அன்று கைத்தொலைபேசி இருக்கும். பெற்றோருடன் பேசுவோர் சிலர். ஆங்கிலத்தில் வந்த கடிதத்தின் பொருளைச் செயற்கை நுண்ணறிவுச் சேவையிடம் தமிழிலேயே கேட்டறிவோர் சிலர்.

நம் தோட்டப்புறத்தில் பிறந்து, வேலை அனுமதி பெற்று அங்கே பணிபுரியும் இளைஞர் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். மறுநாள் காலைக்குள் கையொப்பமிட வேண்டும் என்று கூறி முதலாளி ஒரு தாளைக் கொடுத்திருக்கிறார். தாள் முழுவதும் ஆங்கிலம். விடுதியின் வைஃபை இணைப்பில் அவர் செயற்கை நுண்ணறிவுச் சேவையைத் திறக்கிறார். திரையில் 403 என்ற எண்ணும் ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்ற செய்தியும் தோன்றுகின்றன. அறிமுகமற்ற ஒருவர், “எந்தத் தடையையும் உடைக்கும் செயலி என்னிடம் உள்ளது, இந்த இணைப்பை அழுத்தினால் போதும்” என்கிறார்.

அருகிலிருந்த மூத்த ஊழியர் குறுக்கிடுகிறார்: “பொறு தம்பி! மங்கில் பால் சேரவில்லை என்றால் மரத்தையா சாய்ப்போம்? வெட்டு ஆழமாக விழுந்ததா, பால் வழியும் தகடு விலகியதா, மங்கு கவிழ்ந்ததா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க மாட்டோமா?”

“ஆமாம் அண்ணே. ஆனால் இதில் எதை முதலில் பார்ப்பது?” என்று கேட்கிறார் இளைஞர்.

இக்கேள்விக்கு விடை கூறுவதே இப்பாடத்தின் நோக்கம்.

மேகம் என்பது யாது?

சாட்ஜிபிடி போன்ற சேவைகள் நம் கைத்தொலைபேசிக்குள் இயங்குவன அல்ல. தொலைவில் உள்ள பெரிய கட்டடங்களில் ஆயிரக்கணக்கான கணினிகள் இரவும் பகலும் இயங்குகின்றன. நம் கேள்வி அங்கே சென்று, விடை திரும்பி வருகிறது. இந்த ஏற்பாட்டையே ‘மேகம்’ என்று உருவகமாகக் கூறுகின்றனர். உண்மையில் அது மண்ணில் நிற்கும் கட்டடமே. 2024 செப்டம்பர் 10ஆம் நாள் சிங்கப்பூரின் லோயாங் வட்டாரத்தில் அத்தகைய கட்டடம் ஒன்றில் மின்கலங்கள் தீப்பற்றியபோது, அலிபாபா நிறுவனத்தின் மேகச் சேவைகள் பல தடைப்பட்டன.

நம் கைக்கும் அக்கட்டடத்திற்கும் இடையே ஐந்து வாயில்கள் உள்ளன எனக் கொள்ளலாம். முதலாவது, நம் கைத்தொலைபேசி. இரண்டாவது, நாம் இருக்கும் இடத்தின் வைஃபை இணைப்பு. மூன்றாவது, தொலைத்தொடர்பு நிறுவனம். நான்காவது, நாட்டின் சட்டமும் சேவை நிறுவனத்தின் விதியும். ஐந்தாவது, அச்சேவையும் அதில் நமக்குள்ள கணக்கும்.

சோதிக்கும் முறை

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்க்க வேண்டும். மூன்றைச் சேர்த்து மாற்றினால் எதனால் சரியாயிற்று என்பது விளங்காது.

1. வேறொரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். செய்தித்தாள் பக்கமும் திறக்கவில்லை எனில், குறை இணைப்பிலேயே உள்ளது. பொது இடங்களில் வைஃபை இணைந்தது போலத் தோன்றினாலும், பதிவு செய்து உட்புகும் வரை இணையம் கிடைக்காமல் இருப்பதுண்டு. 2006 டிசம்பரில் சிங்கப்பூரில் தொடங்கிய ‘ஒயர்லெஸ் அட் எஸ்ஜி’ என்னும் பொது இணைப்புக்கும் பதிவு அவசியம்.

2. ஏனைய பக்கங்கள் திறந்து, அச்சேவை மட்டும் திறக்கவில்லை எனில், வைஃபையை அணைத்துவிட்டுக் கைத்தொலைபேசியின் சொந்த இணையத்தில் முயலுங்கள். அப்போது திறந்தால், தடை அந்த இடத்தின் வைஃபையில் உள்ளது என்பது தெளிவு.

3. அதே வைஃபையில் நண்பரின் கைத்தொலைபேசியில் திறந்து, உங்களுடையதில் மட்டும் திறக்கவில்லை எனில், குறை உங்கள் கருவியில் உள்ளது. முதலில் நாளையும் மணியையும் சரிபாருங்கள். கடிகாரம் பெரிதும் பிழையாக இருந்தால், பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியானதாகக் கருதப்பட்டுத் தொடர்பு துண்டிக்கப்படும். அடுத்து, செயலி மிகப் பழையதா என்று பாருங்கள். ‘விபிஎன்’ எனும் மாற்றுவழிச் செயலி ஏதேனும் இயங்கினால் அதனை நிறுத்துங்கள். அத்தகைய வழியில் வருவோரைச் சில சேவைகளே தடுத்துவிடுகின்றன.

4. எந்த இணைப்பிலும், எவர் கருவியிலும் திறக்கவில்லை எனில், சேவையே பழுதடைந்திருக்கலாம். 2025 நவம்பர் 18ஆம் நாள் கிளவுட்ஃபிளேர் எனும் இணைய நிறுவனத்தில் ஏற்பட்ட கோளாற்றால் சாட்ஜிபிடி உட்படப் பல சேவைகள் உலகெங்கும் சில மணி நேரம் முடங்கின. அவ்வேளையில் கைத்தொலைபேசியைத் திருத்த முனைவது வீண். காத்திருப்பதே வழி.

திரையில் தோன்றும் எண்ணும் ஒரு துப்பு ஆகும். 403 என்றால் அனுமதி இல்லை. 429 என்றால் கோரிக்கைகள் அளவு மீறிவிட்டன. 451 என்றால் சட்டத்தின் பேரில் தடை. 503 என்றால் சேவை தற்சமயம் இயலாத நிலை. விடுதி ஒன்றில் நூற்றுவர் ஒரே இணைப்பைப் பயன்படுத்தும்போது, வெளியே அனைவருக்கும் ஒரே முகவரி தோன்றக்கூடும். ஒருவர் தவறேதும் செய்யாவிடினும், பலருடைய கோரிக்கைகள் சேர்ந்து ஐயத்தைத் தோற்றுவிப்பது இதனால்தான்.

பூட்டு ஏன் போடப்படுகிறது?

எல்லாத் தடையும் பழுதன்று. சில தடைகள் காரணத்தோடு இடப்பட்டவை. 2018ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் சிங்ஹெல்த் சுகாதாரக் குழுமத்தின் கணினிகளுக்குள் ஊடுருவியோர் சுமார் 15 இலட்சம் நோயாளிகளின் சொந்த விவரங்களைக் கவர்ந்தனர். அதனையடுத்துப் பொது மருத்துவமனைகளின் பணிக் கணினிகளில் இணையத் தொடர்பு பிரித்து வைக்கப்பட்டது. 2023 மே மாதத்தில் சாம்சுங் நிறுவனம், தன் பணியாளர்கள் இரகசியக் குறிப்புகளைச் செயற்கை நுண்ணறிவுச் சேவையில் இட்டதை அறிந்து, அத்தகைய சேவைகளின் பயன்பாட்டுக்குத் தடை விதித்தது.

நாடுகளும் தடை விதிப்பதுண்டு. 2023 மார்ச் இறுதியில் இத்தாலி சாட்ஜிபிடி சேவையைக் கட்டுப்படுத்தியது. தனிநபர் விவரப் பாதுகாப்பில் திருத்தங்கள் செய்யப்பட்டபின், ஏப்ரல் இறுதியில் அது மீண்டும் கிடைத்தது. 2026 ஜனவரியில் மலேசியா, பிறருடைய படங்களை ஆபாசமாக மாற்றும் வசதியின் காரணமாகக் குரோக் சேவையைத் தற்காலிகமாகத் தடுத்து, பின்னர் அனுமதித்தது.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. மலேசிய சிம் அட்டையுடன் சிங்கப்பூர் செல்வோரின் இணையத் தொடர்பு பெரும்பாலும் மலேசிய நிறுவனத்தின் வழியாகவே சுற்றிச் செல்கிறது. ஆகவே ஒருவர் ஃபேரர் பார்க்கில் நின்றாலும், சேவைக்கு அவர் மலேசியாவில் இருப்பவராகவே தோன்றுவார். ஒரே மேசையில் அமர்ந்த இருவருள் ஒருவருக்குத் திறப்பது மற்றவருக்குத் திறவாமைக்கு இதுவும் காரணமாகலாம்.

செய்யத் தகாதவை

வேலையிடத்தின் வைஃபையில் இடப்பட்ட தடையை மறைவழியாக மீற முயலாதீர்கள். அதனால் வேலைக்கே கேடு வரலாம். சொந்த இணையத்தைப் பயன்படுத்துங்கள். அன்றேல் பொறுப்பாளரிடம் அனுமதி கேளுங்கள். எவரோ அனுப்பும் இணைப்பிலிருந்து செயலியை இறக்காதீர்கள். 2023ஆம் ஆண்டில் மட்டும் சிங்கப்பூரில் இத்தகைய தீங்குச் செயலிகளால் 1,899 மோசடிகள் நிகழ்ந்தன. இழந்த தொகை குறைந்தது 3 கோடியே 41 இலட்சம் வெள்ளி. ஐயம் எழுந்தால் சிங்கப்பூரில் 1799 என்ற எண்ணை அழைக்கலாம். மலேசியாவில் பணம் பறிபோனால் உடனே 997 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

கடிதத்தைச் சேவையிடம் காட்டும்போது பெயர், கடப்பிதழ் எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றை மறைத்துவிடுங்கள். இணையமே இல்லாத வேளைக்கும் முன்னேற்பாடு தேவை. கூகள் மொழிபெயர்ப்புச் செயலியில் தமிழ்க் கோப்பை முன்னதாகவே இறக்கி வைத்தால் இணையமின்றியும் ஓரளவு பொருள் அறியலாம்.

இளைஞரின் தாள்

நம் இளைஞர் மூத்தவர் கூறியபடி ஒவ்வொன்றாகச் சோதித்தார். செய்தித்தாள் பக்கம் திறந்தது. வைஃபையை அணைத்துச் சொந்த இணையத்திற்கு மாறியதும் சேவையும் திறந்தது. பூட்டு விடுதியின் வாயிலில்தான் இருந்தது. தாளின் இரண்டாம் பக்கத்தில், அடிப்படைச் சம்பளத்தைக் குறைப்பதற்கு ஊழியர் சம்மதிக்கிறார் என்ற ஒரு வரி இருந்ததாகச் சேவை விளக்கியது.

“இப்போது என்ன செய்வது அண்ணே?”

“இயந்திரம் சொன்னதை மனிதரிடம் உறுதி செய்துகொள், தம்பி. அதுவரை கையொப்பம் வேண்டாம்.”

அது சரியான அறிவுரையாகும். செயற்கை நுண்ணறிவு சில வேளைகளில் பிழையாகவும் பொருள் கூறும். சிங்கப்பூரில் வேலை அனுமதி பெற்ற ஊழியரின் அடிப்படைச் சம்பளத்தை, அவருடைய எழுத்துமூலச் சம்மதமின்றி முதலாளி குறைத்தல் கூடாது. குறைப்பதாயின் மனிதவள அமைச்சுக்கும் அறிவிக்க வேண்டும். ஆகவே அந்த ஒரு கையொப்பத்தில்தான் அவ்விளைஞரின் மாத வருமானமும், தோட்டத்தில் அவர் அனுப்பும் பணத்தை எதிர்பார்த்திருக்கும் குடும்பத்தின் நிலையும் அடங்கியிருந்தன. மறுநாள் அவர் கையொப்பமிடவில்லை. தமக்கு அவகாசம் தேவை எனப் பணிவுடன் கூறி, 2009ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் ஆலோசனையை நாடினார்.

சிங்கப்பூரில் பணிபுரியும் உங்கள் மகனோ மகளோ அடுத்த முறை வீட்டுக்கு வரும்போது, மேற்கூறிய நான்கு சோதனைகளையும் அவர்களுடன் சேர்ந்து ஒருமுறை செய்து பாருங்கள். அவசரம் வரும் நாளில் அப்பழக்கம் கைகொடுக்கும்.