சோறு இறங்கவில்லையா? கழுத்தையும் பாருங்கள்



வீட்டுப் பெரியவருக்குச் சோறு இறங்கவில்லை என்றால் "வயசாச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். இந்தப் பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை.

எங்கள் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற பாட்டி ஒருவர், வருஷா வருஷம் தைப்பூசத்துக்குப் பத்துமலையில் பால்குடம் எடுப்பார். ஒரு வருஷம் அந்த 272 படியில் பாதிகூட ஏற முடியவில்லை. இரண்டு கையையும் தூக்கிக் குடத்தைப் பிடித்தால் முகம் உப்பி, கழுத்து நரம்பு புடைத்து, மூச்சு முட்டியது. கையை இறக்கினால் சரியாகிவிட்டது. பிறகு விசாரித்தேன். ஆறு மாதமாக ரொட்டியைத் தேத்தண்ணியில் ஊறவைத்துத்தான் பசியாறுகிறாராம். மருமகளுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாதென்று யாரிடமும் சொல்லவில்லை!

தைராய்டு சுரப்பி குரல்வளைக்குக் கீழே, மூச்சுக்குழாயை ஒட்டி இருக்கிறது. மூச்சுக்குழாய்க்குப் பின்னால் உணவுக்குழாய். சுரப்பி வீங்கினால் அதுதான் கழலை. சிலருக்கு அது பல வருஷமாக மெல்ல வளர்ந்து நெஞ்செலும்புக்குப் பின்னால் இறங்கிவிடும். வெளியே அவ்வளவாகத் தெரியாது; உள்ளே இரண்டு குழாயையும் நெருக்கும். கையைத் தூக்கினால் அந்தக் குறுகிய வழி இன்னும் அடைபட்டு, தலையிலிருந்து இறங்கும் ரத்தம் தேங்கும். பாட்டிக்கு நடந்தது இதுதான்.

வீக்கமில்லாமலும் சிரமம் வரலாம். சுரப்பு குறைந்தால் உடம்பு மந்தமாகும், குளிரும், மலம் கட்டும், நாக்கு தடிக்கும், குரல் கரகரக்கும். உணவுக்குழாயின் அசைவும் மந்தப்படலாம். சுரப்பு மிகுந்தால் தசை பலவீனப்படும்.

கண்ணாடி முன் நின்று ஒரு மடக்குத் தண்ணீர் விழுங்கிப் பாருங்கள். தைராய்டு கட்டி பெரும்பாலும் விழுங்கும்போது மேலே ஏறி இறங்கும். கட்டி வேகமாக வளர்ந்தாலோ, குரல் மாறினாலோ, மூச்சில் சத்தம் கேட்டாலோ ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். பக்கவாதம், தொண்டைப் புற்றுநோய் இவற்றாலும் விழுங்கச் சிரமம் வரும். ஆகவே கட்டி இல்லை என்று சும்மா இருந்துவிட வேண்டாம். அரசாங்கக் கிளினிக்கில் காட்டினால் ரத்தம் சோதித்து, தேவைப்பட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருவார்கள். பத்துமலைப் பக்கத்துக்காரர்களுக்குச் செலாயாங் ஆஸ்பத்திரி கிட்ட.

அயோடின் குறைவாலும் கழலை வரும். சரவாக்கின் உட்பகுதிகளில் இது அதிகம் இருந்ததால், 2008 முதல் அங்கே அயோடின் உப்பு கட்டாயமானது. ஆனால் முற்றிய கழலையை உப்பு கரைக்காது.

சுரப்பு குறைவுக்கு மாத்திரை கொடுத்தால், காலையில் வெறும் வயிற்றில் பச்சைத் தண்ணீரோடு விழுங்குங்கள். அரை மணி, முடிந்தால் ஒரு மணி கழித்துப் பசியாறலாம். பால் தேத்தண்ணியோடு போடுவது நம்மவர் பழக்கம். மருந்து உடம்பில் சரியாகச் சேராது. இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளை 4 மணி நேரம் தள்ளிப் போடவேண்டும்.

பாட்டிக்கு அறுவை சிகிச்சை நடந்தது. இப்போது ரொட்டியை ஊறவைக்காமலே கடிக்கிறார். பால்குடத்தை மட்டும் மகள் எடுக்கிறாள்.