பாட்டாவுக்கு ஏழு பேர் வேண்டும்

நாஞ்சில் நாட்டில் ஒரு வீட்டில் துட்டி, அதாவது சாவு, என்றால் யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. பந்தலுக்கு ஒருவர், நாற்காலி இறக்க ஒருவர், வெளியூர்ச் சொந்தங்களுக்குப் போன் போட ஒருவர், அடுப்பு பற்றாத வீட்டுக்குக் கட்டன்சாயா கொண்டுவர ஒருவர் என்று அரை மணி நேரத்தில் வேலை தானாகப் பிரிந்துவிடும். அதே வீட்டுப் பாட்டா சாவதற்கு முன் ஏழெட்டு வருடம் மறதி நோயோடு அந்தத் திண்ணையிலேயே இருந்திருப்பார். அத்தனை வருடமும் ராப்பகலாகக் கண் முழித்தது எழுபது தாண்டிய பாட்டி ஒருத்திதான். மகன் குவைத்தில், மகள் பெங்களூரில்.

ஊருக்கு மனசில்லை என்று நான் நினைக்கவில்லை. துட்டி வீட்டில் என்ன வேலை என்று ஊருக்குத் தெரியும். மறதி வீட்டில் என்ன வேலை என்று யாரும் ஊருக்குச் சொன்னதில்லை. அந்த வேலைகளைப் பிரித்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுக்கும் வழியைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். சங்கம் பதிவு செய்ய வேண்டாம், ரசீது புத்தகம் அடிக்க வேண்டாம். ஒரு நோயாளிக்கு ஏழு பேர் கிடைத்தால் போதும்.

2023-இல் வெளியான ஒரு தேசிய ஆய்வின் மதிப்பீட்டின்படி, 60 வயது கடந்த இந்தியர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு டிமென்ஷியா எனும் இந்த மறதி நோய் இருக்கிறது. ஏறத்தாழ 88 லட்சம் பேர். இந்தக் கணக்கை அப்படியே பொருத்தினால், 60 தாண்டிய இருநூறு பேர் உள்ள ஊரில் பதினைந்து வீடுகளில் இந்தக் கதை நடக்கிறது. பதினைந்து வீடும் ஒன்றுக்கொன்று தெரியாமல் மூடி வைத்திருக்கும்.

முதலில் ஆஸ்பத்திரி

“வயசாச்சுல்லா, அப்பிடித்தான்” என்று விடக்கூடாது. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு, ரத்தத்தில் சோடியம் குறைதல், மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள், என்றோ விழுந்ததில் மூளைக்கு மேல் தேங்கிய ரத்தம் ஆகியவை எல்லாமே மறதி போலத் தோற்றம் காட்டும். இவற்றில் பலவற்றைச் சரி செய்யலாம். காது கேளாதவரை மறதிக்காரர் என்று முடிவுகட்டிய வீடுகளும் உண்டு. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தொடங்குங்கள். மேல் சோதனை தேவைப்பட்டால் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் பஸ் தூரத்தில்தான் இருக்கிறது.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். மறதி மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வரும். நேற்று நன்றாக இருந்தவர் இன்று காலை ஆள் தெரியாமல் உளறினால் அது வேறு. சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், பக்கவாதமாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும்.

வாசலைத் திறந்து சொல்வது

இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான படி. நம் பக்கத்தில் இந்த நோய்க்கு ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: அறளை. “கிழவனுக்கு அறளை பேந்து போச்சு” என்றால் சிரிப்பு வரும், உதவி வராது. ஜப்பானியர்களுக்கும் இதே சங்கடம் இருந்தது. நோய்க்கு அவர்கள் வைத்திருந்த பழைய பெயரில் ‘மடமை’ ஒட்டிக்கொண்டிருந்ததால், 2004-இல் அரசே அதை மாற்றி வேறு பெயர் வைத்தது. நமக்கு அரசாணை வேண்டாம், ‘மறதி சூக்கேடு’ என்றாலே போதும். சூக்கேடு, அதாவது நோய், என்று சொன்ன உடனே அது குணக்கேடு இல்லை என்பது கேட்பவருக்குப் புரிந்துவிடும்.

பெண் பார்க்க வருகிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்று சில வீடுகளில் மறைக்கிறார்கள். மறைத்து எத்தனை நாள்? பாட்டா வேட்டி அவிழ்ந்தது தெரியாமல் முக்கில் நிற்கும் நாளில் ஊரே பார்க்கப்போகிறது. அதற்கு முன் நாமே சொல்லிவிடுவது மேல்.

சொல்வதை நோயாளியின் முன்னால் சொல்லக்கூடாது. ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாகப் போய் நாலு வாக்கியம் சொன்னால் போதும்: “அக்கா, அவருக்கு மறதி சூக்கேடு உண்டு, டாக்டர் பாத்துச் சொல்லியாச்சு. ஒரே கேள்விய பத்து தடவ கேப்பாரு, கோவப்படாண்டாம். துட்டு கடம் கேட்டா குடுக்காண்டாம். ரோட்டுல தனியா நடக்கதப் பாத்தா எனக்கு ஒரு போன் போடுங்க.” நாலாவது வாக்கியத்தில்தான் ஒரு வேலை இருக்கிறது. வேலை கொடுக்காமல் செய்தியை மட்டும் சொன்னால் அது பரிதாபமாகவும் வம்பாகவும் மாறிவிடும்.

ஏழு பேர், ஏழு வேலை

ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதுங்கள். பெயர், போன் எண், ஒரே ஒரு வேலை. ஒருவருக்கு இரண்டு வேலை எழுதினால் இரண்டும் நடக்காது.

யார் யார்? அடுத்த வீட்டு மயினிக்குக் காலையில் ஒரு தடவை எட்டிப் பார்க்கும் வேலை. முக்குச் சாயாக்கடைக்காரருக்கு, பாட்டா தனியாக வந்தால் உட்கார வைத்துப் பேச்சுக் கொடுக்கும் வேலை. சாயாக் காசை மாசக் கடைசியில் வீட்டில் வாங்கிக்கொள்ளலாம். ஆட்டோ ஸ்டாண்டில் ஒரு தம்பி அவசரத்துக்கு ராத்திரியிலும் வண்டி எடுப்பார். மருந்துக்கடைக்காரர் மாத்திரைகளை வாரக் கணக்கில் பிரித்துத் தருவார். ஒரே சீட்டுக்கு இரண்டு முறை மருந்து கேட்டால் கண்டுபிடிக்கப்போகிறவரும் அவர்தான். சுய உதவிக் குழுப் பெண் ஒருவருக்கு வாரத்தில் ஒரு பிற்பகல். அன்பியம், சபை, கோயில் கமிட்டி, அய்யாவழி நிழல் தாங்கல் எதுவானாலும் அதில் ஒருவர், பாட்டாவை வழிபாட்டுக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருவார். பத்து வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவருக்கு அந்தப் பாட்டு எளிதில் மறக்காது.

ஏழாவது ஆள் குவைத்து மகன். பணம் அனுப்புவதோடு அவர் கடமை முடிந்தது என்று விடாதீர்கள். தினமும் ஒரே நேரத்தில் வீடியோ போன், அதுவும் அம்மைக்கு. அப்பாவுக்குச் சாப்பாடு கொடுத்தாச்சா என்பதோடு நிறுத்தாமல், அம்மை சாப்பிட்டாரா, ராத்திரி எத்தனை தடவை எழும்பினார் என்றும் கேட்கட்டும். ஒருவருக்கு ஒரு வேலை என்ற விதிக்கு இவர் மட்டும் விலக்கு: ஏழு பேரின் வாட்ஸ்அப் குழுவை நடத்தும் வேலையும் அவருக்கே. ஊரில் இல்லாதவர் இருந்த இடத்திலிருந்து செய்யக்கூடியது அது.

காணாமல் போகும் நாள்

அது வரும் என்றே வைத்துத் தயாராகுங்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் இது அலட்சியம் செய்யக்கூடிய காரியம் அல்ல. எந்த ஊரிலிருந்து நடந்தாலும் கொஞ்ச தூரத்தில் தண்ணீர்: குளம், அனந்தனாறு சானல், தோவாளைச் சானல், பக்கச்சுவர் தாழ்ந்த கிணறு, தெற்கே போனால் கடல்.

முதலில், அவர் எங்கே போவார் என்று யோசியுங்கள். வெளியே இறங்குகிறவர் வெறுமனே அலைவதில்லை, அவருக்கு ஒரு வேலை இருக்கிறது. குலசேகரம் பக்கம் நாற்பது வருடம் ரப்பர் பால் வெட்டியவர் விடியுமுன் எழும்பிக் கத்தியைத் தேடுவார். குளச்சல்காரர் கடற்கரைக்கு இறங்குவார். ஓய்வுபெற்ற வாத்தியார் பத்து மணிக்குள் பள்ளிக்கூடத்துக்குப் போயாக வேண்டும். கட்டிவந்த பாட்டி, பிறந்த வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஏறுவார். இந்த இடங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதி வையுங்கள். அதே தாளில் அண்மைப் புகைப்படம், உயரம், அடையாளம், எந்தப் பெயரில் கூப்பிட்டால் திரும்புவார், என்ன மாத்திரை என்பதும் இருக்கட்டும். இங்கிலாந்துப் போலீசார் இப்படிக் குடும்பத்தார் முன்கூட்டியே நிரப்பி வைக்கும் ஒரு படிவத்தை, நார்மண்டிப் போரில் இருந்த ஹெர்பர்ட் என்ற முதியவரின் பெயரில் வழங்குகிறார்கள். தேடும் பதற்றத்தில் சட்டை நிறம் கூட நினைவுக்கு வராது என்பதால்தான் இந்தத் தாள். அதன் நகலை ஏழு பேருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். காவல் நிலையத்திலும் ஒன்றைக் கொடுத்து வைத்தால் தப்பில்லை.

சட்டைக் காலரின் உள்பக்கம் போன் எண்ணைத் தைத்து விடுங்கள். கழுத்தில் அட்டை தொங்கவிட்டால் கழற்றி எறிந்துவிடுவார்.

காணவில்லை என்றதும் முதல் பத்து நிமிடம் வீட்டுக்குள்ளும் கிணற்றடியிலும் தேடுங்கள். கட்டிலடி, குளியலறை, விறகுப்புரை எதையும் விடாதீர்கள். அடுத்து குழுவில் ஒரு செய்தி. ஊரில் உள்ள ஆறு பேரும் ஒரே பக்கம் ஓடக்கூடாது. இரண்டு பேர் நேராகத் தண்ணீர்ப் பக்கம், ஒருவர் பஸ் நிறுத்தம், ஒருவர் பட்டியலில் உள்ள பழைய இடங்கள், பாட்டி வீட்டு வாசலில். பாட்டா தானாகத் திரும்பி வந்தால் வாசலில் ஆள் இருக்க வேண்டும். அரை மணி நேரத்தில் கிடைக்காவிட்டால் 112. ‘ஒரு நாள் போகட்டும்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வடசேரி, மார்த்தாண்டம், களியக்காவிளை பஸ் நிலையங்களுக்கு ஆள் அனுப்புங்கள். கேரள எல்லை தாண்டினால் மொழி மாறும், போலீசும் மாறும். பாறசாலைப் பக்கமும் உடனே தகவல் போக வேண்டும்.

கண்டதும் பின்னாலிருந்து கையைப் பிடிக்காதீர்கள். முன்னால் வந்து முகம் காட்டி, “எங்க பாட்டா போறீய? வெயிலு கொளுத்துது, ஒரு சாயா குடிச்சிட்டுப் போவோம், வாங்க” என்றால் பெரும்பாலும் வந்துவிடுவார். ‘உங்க வீடு அங்க இல்ல’ என்று வாதாடினால் தோற்கப்போவது நாம்தான்.

ஜப்பானில் ஓமுட்டா என்ற நகரத்தில் ஒருவரை மறதிக்காரராக நடிக்க வைத்துத் தெருவில் நடக்கவிட்டு, கடைக்காரர்களும் பள்ளிப் பிள்ளைகளும் அவரிடம் பேச்சுக் கொடுத்துப் பழகுகிறார்கள். நம் ஊர்த் திருவிழாக் கமிட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்து பார்க்கலாம். நடிக்க ஆளுக்குப் பஞ்சம் வராது.

வாரத்தில் மூன்று மணி நேரம்

பார்த்துக்கொள்கிறவருக்கு வாரத்தில் மூன்று மணி நேரம் விடுதலை வேண்டும். இந்த ஏழு பேர் ஏற்பாடே அதற்காகத்தான் என்றுகூடச் சொல்வேன். அந்த நேரத்தில் அவர் தூங்கட்டும், கோட்டாறு சந்தைக்குப் போகட்டும், யாரும் கேட்கக்கூடாது. சுய உதவிக் குழுப் பெண் வந்து உட்காரும் பிற்பகல் அது.

வந்தவர் நோயாளியிடம் ‘நான் ஆரு, சொல்லுங்க பாப்போம்’ என்று பரீட்சை வைக்கக் கூடாது. கைக்கு வேலை கொடுத்தால் போதும். உள்ளி உரிப்பது, முருங்கை இலை ஆய்வது. தோவாளைப் பக்கத்தில் ஆயுள் முழுக்கப் பூக்கட்டியவர் கையில் நாரையும் பிச்சியையும் கொடுத்துப் பாருங்கள். பேத்தி பெயர் மறந்தவருக்கு முடிச்சு மறந்திருக்காது. கைப்பழக்கம் மூளையில் வேறு இடத்தில் சேமிக்கப்படுகிறது, அது பெரும்பாலும் பிந்தித்தான் அழியும்.

விளக்கு வைக்கும் நேரத்தில் பலருக்குப் பதற்றம் கூடும், ‘வீட்டுக்குப் போவணும்’ என்பார்கள், சொந்த வீட்டில் இருந்துகொண்டே. இருட்டுவதற்கு முன்பே எல்லா விளக்கையும் போடுங்கள், டிவியைக் குறையுங்கள். எட்டிப் பார்க்கும் மயினியின் வேலையைக் காலையிலிருந்து இந்த நேரத்துக்கு மாற்றினாலும் நல்லது.

கேட்டு வாங்க வேண்டியவை, எழுதி வைக்க வேண்டியவை

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கு வரும். படுக்கையில் இருப்பவருக்கு ஆதரவு சிகிச்சைச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வருவார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து வையுங்கள். முதியோர் உதவி எண் 14567. பார்த்துக்கொள்கிறவருக்கு மனசு தளர்ந்தால் 14416. ஓய்வூதியக்காரருக்கு உயிர்வாழ் சான்றைத் தபால்காரர் வீட்டுக்கே வந்து கைரேகை வைத்து முடித்துத் தருவார். கருவூலத்துக்குத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம்.

வங்கிக் கணக்கைத் தொடக்கத்திலேயே கூட்டுக் கணக்காக மாற்றுங்கள், உயிலும் அப்போதே. ‘பவர் எழுதி வாங்கியாச்சு’ என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: எழுதிக் கொடுத்தவர் சித்தத் தெளிவை இழந்தால் பவர் நிற்காது. பிறகு காப்பாளர் நியமனத்துக்கு மதுரைக் கிளை உயர் நீதிமன்றம் வரை போக நேரிடும்.

மூன்று நான்கு வீடுகள் வெளியே வந்து பேசத் தொடங்கியபின், மாதம் ஒரு முறை பங்கு மண்டபத்திலோ நூலகத்திலோ பார்த்துக்கொள்கிறவர்கள் மட்டும் கூடுங்கள். பக்கத்துக் கேரளத்தில் 1992-இலேயே அல்சைமர் சங்கம் தொடங்கியது. கோழிக்கோட்டில் 1993-இல் ஆரம்பித்த வலி நிவாரண இயக்கம், அக்கம்பக்கத்துச் சாதாரண ஆட்களைப் பழக்கி வீடு வீடாக அனுப்பியே வளர்ந்தது; 2008-இல் அந்த மாநில அரசு அதைக் கொள்கையாக்கியது. டாக்டர்கள் தொடங்கினாலும் அதைச் சுமந்தது கடைக்காரர்களும் வாத்தியார்களும்தான். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் நடந்தது இந்தப் பக்கம் நடக்காமல் போக ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

படுக்கையில் விழுந்த பின்

வேலைகள் மாறும், பட்டியலைத் திருத்தி எழுதுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்க ஒருவரால் முடியாது. தூக்கத் தெரிந்த ஒரு இளவட்டம் காலையும் மாலையும் வர வேண்டும். கஞ்சியைப் படுக்க வைத்து ஊற்றக் கூடாது. நிமிர்த்தி உட்கார வைத்து, கரண்டியில் கொஞ்சம் கொஞ்சமாக, முந்தியது விழுங்கியபின் அடுத்தது. இல்லாவிட்டால் நுரையீரலுக்குப் போய்விடும். இந்தக் கட்டத்தில் சாயாக்கடைக்காரருக்கு வேலை இருக்காது. ஆனாலும் அவர் வந்து கட்டிலருகில் கொஞ்சம் உட்கார்ந்து போனால், பாட்டிக்கு அந்த நாள் வேறு நாள்.

பிறகு துட்டி வரும். ஊர் கூடும், பதினாறு முடியும், பந்தல் பிரிப்பார்கள். அந்தக் காலண்டர் தாளை அன்றைக்குக் கிழித்துப் போட வேண்டாம். எட்டு வருடம் ராத்திரி இரண்டு மணிக்கு எழும்பிப் பழகிய பாட்டிக்கு இனியும் இரண்டு மணிக்கு முழிப்பு வரும். மயினி எட்டிப் பார்ப்பதும் குவைத்திலிருந்து வரும் போனும் இன்னும் மூன்று மாதமாவது அதே நேரத்தில் நடக்கட்டும்.