விமானம் ரத்தானால் எழுத வேண்டிய புகார்

அன்புள்ள கயலுக்கு,

சென்னை–டெல்லி விமானம் ரத்தானது கவுண்டருக்குப் போன பிறகுதான் தெரிந்தது என்றும், டிக்கெட் பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள் என்றும் எழுதியிருந்தாய். டிக்கெட் பணம் வேறு, இழப்பீடு வேறு. தவறு நிறுவனத்துடையது என்றால் இரண்டுமே உனக்குச் சேர வேண்டியவை.

சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ இதற்கு விதியே வகுத்திருக்கிறது. முன்கூட்டிச் சொல்லாமல் ரத்து செய்தால், இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்துக்கு 10,000 ரூபாய். அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. இவற்றில் எது குறைவோ அது. மூடுபனி, புயல் போலக் கைமீறிய காரணமென்றால் இழப்பீடு இல்லை. ஆகவே எல்லாம் அந்தக் காரணத்தில்தான் இருக்கிறது. அதை எழுத்தில் கேட்டு வாங்கு. ‘செயல்பாட்டுக் காரணங்கள்’ என்று வந்த குறுஞ்செய்தியை அழித்துவிடாதே. பிறகு வானிலையைக் காட்டினார்களானால் அதுதான் உனக்குச் சாட்சி. இன்னொன்றையும் பார்: ஏஜென்ட் மூலம் பதிவு செய்தாயே, அதில் யாருடைய கைபேசி எண் இருக்கிறது? சரியான தொடர்பு எண் தராதவருக்கு இழப்பீடு இல்லை என்பதும் அதே விதிதான். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

முதலில் நிறுவனத்தில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு எழுது. பிஎன்ஆர், விமான எண், தேதி, நடந்தது, கேட்கும் தொகை. ஒரு பக்கம் போதும். கோபத்தைக் கொட்டினால் கேட்கிற தொகை கண்ணில் படாமல் போய்விடும். உரிய பதில் வராவிட்டால், அந்தப் புகார் எண்ணோடு விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா புகார்த் தளத்தில் பதிவு செய்.

ஏர்சேவா தீர்ப்பு சொல்லும் இடமல்ல. நிறுவனத்தைப் பதில் சொல்ல வைக்கும் இடம். அங்கும் முடியாவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது; அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீ குடியிருக்கும் ஊரிலேயே இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை. உன் டிக்கெட் அளவுள்ள தொகைக்குக் கட்டணமும் இல்லை.

இவ்வளவு சிறிய தொகைக்கா என்று விட்டுவிடாதே. செல்லுபடியாகும் டிக்கெட் வைத்திருந்தவர்களை ஏற்றாமல் விட்டு, இழப்பீடும் தராததற்காக 2022 ஜூனில் ஏர் இந்தியாவுக்கு டிஜிசிஏ 10 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. ஒவ்வொரு நிறுவனத்தின் மீதும் வந்த புகார்களை மாதந்தோறும் அது வெளியிடவும் செய்கிறது. எழுதாத புகார் அந்தக் கணக்கில் வராது.

இந்த வாரமே எழுது. அனுப்புமுன் எனக்கு ஒரு பிரதி அனுப்பு, பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
அத்தை