ஏஏ தரத்தைத் தாண்டி: எல்லோருக்குமான இணையதளம் அமைக்க முழுமையான வழிகாட்டி

இணையதள அணுகல்தன்மைக்கு உலகெங்கும் பின்பற்றப்படும் விதித்தொகுப்பு டபிள்யூசிஏஜி. ஏ, ஏஏ, ஏஏஏ என அதில் ஏறுவரிசையில் மூன்று நிலைகள். பெரும்பாலும் ஏஏ கிடைத்ததுமே வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறோம். ஆனால் சோதனைக் கருவி பச்சை காட்டிய பக்கத்திலும் பார்வையற்ற ஒருவர் விண்ணப்பத்தை அனுப்ப முடியாமல் தவிக்கலாம். அவர் அனுப்பி முடிப்பதுதான் நம் இலக்கு.

படி 1: மவுஸைத் தள்ளி வையுங்கள்

டேப், என்டர் விசைகளை மட்டும் வைத்து ஒரு படிவத்தை நிரப்பிப் பாருங்கள். எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் போகும் ஒவ்வோர் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: காதால் படியுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டியது இங்கேதான். திரையில் உள்ளதைக் குரலாக வாசிக்கும் மென்பொருள் ஸ்கிரீன் ரீடர். விண்டோஸில் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் இலவசம். ஆண்ட்ராய்டு போன்களில் டாக்பேக் இருக்கிறது. திரையை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

தமிழ்ப் பக்கங்களுக்கென்றே சில சிக்கல்கள் உண்டு. பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்று குறிக்கப்பட்டிருந்தால், ஆங்கிலக் குரல் தமிழைச் சிதைக்கும் அல்லது விழுங்கிவிடும். யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் அடித்த 'அம்மா' நம் கண்ணுக்கு அம்மாதான். ஸ்கிரீன் ரீடருக்கோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அதையெல்லாம் யூனிகோடுக்கு மாற்றியே ஆகவேண்டும். ஸ்கேன் செய்து ஏற்றிய பிடிஎஃப் வெறும் படம்; அதில் வாசிக்க எழுத்தே இல்லை.

படங்களுக்கான விளக்கத்தையும் கேட்டுப் பாருங்கள். 'மழை வரைபடம்' என்று எழுதினாலே கருவி திருப்தியடைந்துவிடும். எந்த மாவட்டத்தில் எவ்வளவு மழை என்பதல்லவா வாசகருக்கு வேண்டும்?

படி 3: எண்களை உயர்த்துங்கள்

சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஏஏ கேட்கும் நிற வேறுபாடு 4.5:1, நீங்கள் 7:1 வையுங்கள். 2023இல் வந்த டபிள்யூசிஏஜி 2.2 பதிப்பின்படி பொத்தானுக்கு 24 பிக்சல் போதும். கை நடுங்குபவருக்கு 44 கொடுங்கள்.

படி 4: அவசரப்படுத்தாதீர்கள்

நேரம் முடிந்து வெளியேற்றப்பட்டவர் திரும்ப உள்ளே வந்தால், நிரப்பியதெல்லாம் அப்படியே இருக்கவேண்டும். இது ஏஏஏ விதி. ஒரு விரலால் தட்டச்சு செய்பவருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

படி 5: மாற்றுத்திறனாளிகளை அழையுங்கள்

வடிவமைப்பு முடிவாகும் முன்பே, உரிய ஊதியத்தோடு அழையுங்கள். ஒரு வேலையைச் சொல்லிவிட்டு, குறுக்கிடாமல் பாருங்கள். சைகை மொழியையே தாய்மொழியாகக் கொண்டவர்களும் அந்தக் குழுவில் இருக்கட்டும். தமிழ் அவர்களுக்கு இரண்டாம் மொழி; நீண்ட வாக்கியம் தடுமாற வைக்கலாம்.

தளம் வெளியான பிறகும் குறை சொல்ல மின்னஞ்சல், தொலைபேசி, குறுஞ்செய்தி மூன்றையும் திறந்து வையுங்கள். வரும் குறைக்குப் பதில் சொல்லும் பொறுப்பை ஒருவரிடம் பெயர் குறிப்பிட்டே ஒப்படையுங்கள்.