ஓடுவது எந்தப் பதிப்பு?

நெய்வேலியில் வளரும் மாணவியருக்கு ‘ஷிப்ட்’ என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. அப்பா இரவுப் பணி முடித்து வந்து உறங்கும்போது வீட்டில் சத்தம் போடாமல் நடக்கப் பழகியவர்கள் நாம். சுரங்கத்தில் அடுத்த ஷிப்ட் ஆள் வாயிலுக்கு வந்துவிட்டார் என்பதால் இயந்திரத்தை அவர்தாம் ஓட்டுகிறார் என்று ஆகிவிடாது. முந்தியவர் இறங்கி, இவர் ஏறிப் பொறுப்பேற்கும் வரை ஓட்டுபவர் பழைய ஆளே. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் இப்பாடம் எளிது.

கணிப்பொறிக்குள் கணிப்பொறி

ஒரே கணிப்பொறியின் நினைவகத்தில் ஒரு பகுதியையும் வட்டில் ஒரு பகுதியையும் பிரித்துக் கொடுத்து, அதனுள் இன்னொரு கணிப்பொறி இயங்குவதுபோல் செய்யலாம். இதுவே மெய்நிகர் கணிப்பொறி. இது புதிய கருத்தன்று. ஐ.பி.எம். நிறுவனம் 1972-இலேயே தன் பெருங்கணிப்பொறிகளுக்கு வி.எம்./370 என்பதை வெளியிட்டது. இன்று ‘வர்ச்சுவல்பாக்ஸ்’ என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு வீட்டிலேயே செய்துபார்க்கலாம்.

விண்டோஸ் உள்ள கணிப்பொறியில், சென்னை சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸை இவ்வாறு இயக்குவதாகக் கொள்வோம். 2007-இல் வெளிவந்த இது டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. தமிழக அரசு 2011-இல் வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் இருந்ததால், அக்காமார் பலர் இதை அறிவர்.

சோதிக்கும் முறை

1. முதலில், உள்ளே இருக்கும் கணிப்பொறியின் திரையில்தான் நிற்கிறோமா என்று பார்க்க வேண்டும். வெளிக் கணிப்பொறியில் கேட்டால் அதன் பதிப்பே விடையாக வரும். ‘ஹோஸ்ட்நேம்’ என்ற கட்டளை, நாம் நிற்கும் கணிப்பொறியின் பெயரைக் கூறும்.

2. ‘ஈடிசி’ என்ற கோப்புறையிலுள்ள ‘ஓஎஸ்-ரிலீஸ்’ கோப்பைத் திறந்தால் இயங்குதளத்தின் பெயரும் பதிப்பும் தெரியும். இது வட்டில் எழுதிவைத்த தகவல் மட்டுமே. வாயிலில் மாட்டிய ஷிப்ட் பட்டியலைப் போன்றது.

3. ‘யூநேம்’ கட்டளையுடன் இடைவெளி விட்டு, சிறுகோடும் ஆங்கில ‘ஆர்’ எழுத்தும் சேர்த்துத் தட்டினால், இந்த நொடியில் ஓடும் கருநிரலின் (கெர்னல்) பதிப்பு வரும். பணியில் நிற்பவரை நேரில் பார்ப்பது இதுவே. டெபியன் வழிவந்த அமைப்புகளில் சிறு திருத்தங்களுக்குப் பிறகும் இவ்வெண் மாறாதிருப்பதுண்டு. அப்போது ‘ஆர்’ எழுத்துக்குப் பதில் ‘வி’ போட்டால் நுட்பமான பதிப்பெண் கிடைக்கும்.

4. ‘பூட்’ கோப்புறையில் நிறுவப்பட்டுள்ள கருநிரல்களின் பெயர்கள் இருக்கும். அங்கே புதியது இருந்து, ‘யூநேம்’ பழையதைச் சொன்னால், ஷிப்ட் இன்னும் மாறவில்லை என்று பொருள். செய்துகொண்டிருந்த வேலைகளைச் சேமித்துவிட்டு, மறுதொடக்கம் செய்ய வேண்டும்.

ஒரு பொறி

“நேற்று மூடிவிட்டு இன்றுதானே திறந்தேன், புதியதுதானே ஓடும்?” என்று கேட்கத் தோன்றும். வர்ச்சுவல்பாக்ஸை மூடும்போது ‘நிலையைச் சேமி’ என்பதைத் தேர்ந்திருந்தால், அது உறங்கி விழித்ததே தவிர, மறுபடி தொடங்கவில்லை. நினைவகத்தில் இருந்த பழைய கருநிரலே தொடர்ந்து ஓடும்.

ஏன் இத்தனை கவனம்?

2017 மார்ச்சில் விண்டோஸின் ஒரு குறைக்கு மைக்ரோசாப்ட் திருத்தம் வெளியிட்டது. அவ்வாண்டு மே 12 அன்று ‘வானாக்ரை’ என்னும் தீநிரல் உலகெங்கும் பரவி, அத்திருத்தம் செயலுக்கு வராத கணிப்பொறிகளைப் பூட்டியது. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. மருந்து அலமாரியில் இருப்பதால் நோய் தீராது. உடலுக்குள் சென்றால்தான் தீரும். வட்டில் இறங்கிய திருத்தமும் ஓடத் தொடங்கினால்தான் காக்கும்.

அன்புத் தங்கையரே, இரவு செபத்தின்போது நாம் செய்யும் ஆன்ம சோதனையும் இத்தகையதே. மறைக்கல்வி வகுப்பில் எத்தனை நல்லவற்றைக் கற்றோம் என்று அங்கே கேட்பதில்லை. இன்று எப்படி நடந்தோம் என்றே கேட்கிறோம். கற்றது ஏட்டில் இருக்க, பழைய கோபமே நம்மை ஓட்டிக்கொண்டிருந்தால், நமக்கும் ஒரு மறுதொடக்கம் வேண்டும்.