ஆறாவது கம்பியிலிருந்து ஆரம்பி, பாப்பா

ஆக்டிவ் பிக்கப்பா, பாஸிவ் பிக்கப்பா என்று கேட்டிருக்கிறாய். கூடவே ஒரு மூட்டை கிட்டார் படம். எல்லாம் கறுப்பு, எல்லாவற்றுக்கும் கொம்பு. பிக்கப்பைக் கடைசியில் பார்க்கலாம். அதற்கு முன்னால் நீ முடிவு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது: ஆறாவது கம்பியை, அதாவது இருப்பதிலேயே தடித்த கம்பியை, எவ்வளவு கீழே இறக்கி வாசிக்கப் போகிறாய்? அது தெரிந்துவிட்டால் கிட்டாரின் நீளம், கம்பியின் பருமன், பிரிட்ஜ், பிக்கப் எல்லாம் தானாக வரிசையில் வந்து நிற்கும். தெரியாமல் கடைக்குப் போனால் கடைக்காரரிடம் எது தேங்கிக் கிடக்கிறதோ அதுதான் உன் தோளில் ஏறும்.

மெட்டல் என்று ஒரே பெயரில் எல்லாவற்றையும் சொல்கிறோம், உள்ளே டியூனிங் ஆளுக்கு ஒன்று. 2007 மார்ச்சில் பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸில் வாசித்த அயர்ன் மெய்டனும், 2011 அக்டோபரில் அதே மைதானத்துக்கு வந்த மெட்டாலிகாவும் பெரும்பாலும் ஆறாவது கம்பி ஈயில் நிற்கும் சாதாரண டியூனிங்கிலேயே தங்கள் புகழ்பெற்ற பாட்டுகளைப் பதிவு செய்தவர்கள். பிளாக் சப்பாத் 1971லேயே சில பாட்டுகளுக்கு ஒன்றரைச் சுரம் இறக்கி சி ஷார்ப்புக்குப் போய்விட்டார்கள். கார்ன் மாதிரி ஆட்கள் ஏழு கம்பி போட்டு ஏ வரை போனார்கள். உன் போனில் திரும்பத் திரும்ப ஓடுகிற பத்துப் பாட்டை எழுது. ஒவ்வொன்றின் டியூனிங்கையும் பக்கத்தில் குறி. எது அதிகமோ அதற்காகத்தான் கிட்டார்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், கம்பியை இறக்கினால் அதன் இழுவை நீ நினைப்பதைவிட வேகமாகக் குறையும். சுருதி பாதியானால் இழுவை கால் பங்காகும், கணக்கு அப்படி. ஈயிலிருந்து டிக்கு இறக்கினாலே இழுவையில் 20 சதவீதம் போய்விடும். சிக்கு இறக்கினால் 37 சதவீதம். கம்பி தொளதொளவென்று ஃப்ரெட்டில் அடிக்கும், வேகமாக அடித்தால் சுருதி மேலே எகிறித் திரும்பும். எந்த விலைப் பிக்கப்பும் இதைச் சரி செய்யாது. மருந்து தடித்த கம்பிதான். சாதாரண 10-46 செட்டில் (எண்கள் கம்பியின் பருமன், அங்குலத்தில் ஆயிரத்தில் இத்தனை பங்கு) இருக்கும் 46ஐ எடுத்துவிட்டு 52 போட்டால், டியில் கிட்டத்தட்ட பழைய இழுவையே திரும்பி வரும். சிக்குப் போவதென்றால் 56, 58 வேண்டும். 10-52 என்று கேட்டால் மேல் கம்பிகள் மெல்லிசாகவும் அடிக் கம்பிகள் தடியாகவும் உள்ள செட் கிடைக்கும். ஆரம்பத்துக்கு எனக்குப் பிடித்தது அதுதான்.

கம்பி மாற்றும்போது ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். தலைப்பக்கம் கம்பி உட்காரும் நட்டின் பள்ளம் 46க்காக வெட்டியது. 56 அதில் சிக்கிக்கொள்ளும். டியூன் செய்யும்போது டிக் டிக்கென்று சத்தம் வந்தால் அதுதான் காரணம். செட்டப் செய்பவரிடம் சொல்லி அரம் போடச் சொல், நீயே பிளேடால் சுரண்டாதே.

நீளத்துக்கு வருவோம். நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை கம்பி எவ்வளவு தூரம் அதிர்கிறது என்பதுதான் ஸ்கேல். கிப்ஸன் வகை 24.75 அங்குலம், ஃபெண்டர், ஐபனெஸ், ஜாக்சன் வகை 25.5. முக்கால் அங்குலம்தானே என்று தோன்றும். ஆனால் அதே கம்பி, அதே சுருதிக்கு நீளமானதில் 6 சதவீதம் இழுவை கூடும். இறக்கி வாசிப்பவளுக்கு அந்த 6 பெரிய உதவி. ஆகவே உனக்கு 25.5. ஏழு கம்பி எல்லாம் பிறகு.

“பொண்ணுங்க கைக்கு சின்ன கிட்டார் போதும்மா” என்று கடையில் நிச்சயம் ஒருவர் சொல்வார். பெண் கிட்டாரிஸ்ட் நீட்டா ஸ்ட்ராஸ் பெயரில் ஐபனெஸ் செய்யும் ஜீவா கிட்டாரும் 25.5தான் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடு. கைக்கு உறுத்துவது நீளத்தைவிட நெக்கின் பருமன். அதைப் பிடித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

பிரிட்ஜில் ஃபிளாய்ட் ரோஸ் வேண்டாம். பார்க்க அழகு, கம்பியை முறுக்கித் தொங்கவிட்டு விளையாடலாம், உண்மைதான். ஆனால் அது ஸ்பிரிங்கின் மேல் மிதக்கிற பிரிட்ஜ். ஒரு கம்பியை இறக்கினால் மற்ற ஐந்தும் மேலே ஏறும். ஒரு பாட்டுக்கு ஈ, அடுத்ததற்கு ஆறாவது கம்பியை மட்டும் டிக்கு இறக்கும் டிராப் டி என்று மாறுகிறவளுக்கு அது தலைவலி. விலை குறைந்த கிட்டாரில் வரும் நகல்களில் கத்தி முனை சீக்கிரம் தேய்ந்து, திரும்ப அதே இடத்தில் வந்து நிற்காது. அசையாத பிரிட்ஜ் எடு. ஐபனெஸ் ஜிஆர்ஜி, ஜாக்சன் ஜேஎஸ், கார்ட் எக்ஸ் வரிசைகளில் தொடக்க நிலைக் கிட்டார்கள் இருக்கின்றன. எந்த மாடலில் அசையாத பிரிட்ஜ் என்று கேட்டு வாங்கு. விலை மாதத்துக்கு மாதம் மாறும், எழுதி வைத்துப் பயனில்லை.

இப்போது பிக்கப். காந்தம், அதைச் சுற்றித் தலைமுடி பருமன் செம்புக் கம்பி பல ஆயிரம் சுற்று, அவ்வளவுதான் அந்தப் பெட்டிக்குள். எஃகுக் கம்பி மேலே அதிரும்போது காந்தப் புலம் ஆடும், சுருளில் சின்ன மின்சாரம் பிறக்கும். சிக்கல் என்னவென்றால், அந்தச் சுருளுக்கு உன் கிட்டார் கம்பி எது, வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. ட்யூப்லைட் சோக், ஃபேன் ரெகுலேட்டர், போன் சார்ஜர் எல்லாவற்றையும் பிடித்து ஆம்ப்புக்கு அனுப்பிவிடும். மெட்டலுக்கு டிஸ்டார்ஷன் ஏற்றுகிறோம், பாட்டு எவ்வளவு பெருகுகிறதோ இரைச்சலும் அவ்வளவு பெருகும்.

கிப்ஸன் கம்பெனியின் சேத் லவர் 1955ல் இதற்கு வழி கண்டார். இரண்டு சுருள், சுற்றும் திசை எதிரெதிர், காந்த முனையும் எதிரெதிர். வெளி இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், கம்பியின் ஒலி மட்டும் கூடும். இதுதான் ஹம்பக்கர், 1957 முதல் கிட்டார்களில் வந்தது. பிரிட்ஜ் பக்கம் ஒரு ஹம்பக்கர் இருந்தே ஆக வேண்டும். மூன்று சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப் மட்டும் உள்ள ஸ்ட்ராட் வகைக் கிட்டாரை யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் நன்றி சொல்லி விட்டுவிடு. அயர்ன் மெய்டனின் டேவ் மர்ரே ஸ்ட்ராட்தானே வாசித்தார் என்பாய். அவர் அதில் டிமார்ஜியோ சூப்பர் டிஸ்டார்ஷன் ஹம்பக்கரைப் பொருத்தி வாசித்தவர்.

ஆனால் ஹம்பக்கர் வைத்தும் உர்ர்ரென்று சத்தம் வந்தால் பிக்கப்பைத் திட்டாதே, முதலில் சுவரைப் பார். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் மூன்று ஓட்டை பிளக் இருக்கும், மேல் ஓட்டைக்கு எர்த் ஒயர் வந்திருக்காது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைச் சோதிக்கச் சொல். இது சத்தத்துக்காக மட்டும் சொல்லவில்லை. உன் இரண்டு கையும் இரும்புக் கம்பியில் இருக்கும், அந்தக் கம்பி ஆம்ப்பின் உடலோடு இணைந்திருக்கும். கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் பயமில்லை, அது இயல்பு. தொட்டதும் சுர்ரென்று கடித்தால் உடனே பிளக்கைப் பிடுங்கு. ஆம்ப்பின் மூன்றாவது பின்னை வெட்டி இரண்டு பின் சாக்கெட்டில் சொருகும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். அப்பாவிடமும் சொல்லி வை, மிக்ஸிக்கு அவர் செய்வார்.

ஆக்டிவ், பாஸிவ் விவகாரம் இனிமேல்தான். பாஸிவ் என்பது மேலே சொன்ன காந்தமும் சுருளும். ஆக்டிவ்வில் சுருளை லேசாகச் சுற்றி, உள்ளேயே ஒரு குட்டி ஆம்ப்ளிஃபையர் வைத்திருப்பார்கள், 9 வோல்ட் பேட்டரியில் ஓடும். இஎம்ஜி 81 இதில் பேர் போனது. மெட்டாலிகாவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் பிரிட்ஜில் 81ஐயும் நெக்கில் 60ஐயும் வைத்து வாசித்த சத்தத்துக்காகவே அது விற்றது. இரைச்சல் மிகக் குறைவு, உள்ளங்கையால் அமுக்கி அடிக்கும் ரிஃப் ஒவ்வொன்றும் நறுக்கு நறுக்கென்று தனியாக நிற்கும். குறை என்று பார்த்தால், மெதுவாக அடித்தாலும் ஓங்கி அடித்தாலும் ஓரளவு ஒரே முகம் காட்டும். கேபிளை ஜாக்கில் சொருகியதுமே பேட்டரி ஓட ஆரம்பித்துவிடும் என்பதால், வாசித்து முடித்ததும் கேபிளை உருவிவிட வேண்டும். இதை மறந்தால் கச்சேரி நடுவில் சத்தம் கரகரத்துத் தேயும்.

பாஸிவ்வில் காந்தம் இரண்டு வகை. செராமிக் என்றால் சத்தம் இறுக்கம், கூர்மை. ஆல்னிகோ என்றால் கொஞ்சம் இளக்கம், சோலோவுக்கு இனிமை. டிமார்ஜியோ சூப்பர் டிஸ்டார்ஷன், சீமோர் டங்கன் டிஸ்டார்ஷன் எல்லாம் செராமிக். சீமோர் டங்கன் ஜேபி ஆல்னிகோ. பெட்டியில் 8 கிலோ ஓம், 16 கிலோ ஓம் என்று போட்டிருப்பதைப் பார்த்து, எண் பெரிதானால் கிட்டார் பயங்கரம் என்று எடுத்துவிடாதே. ஓம் என்பது ஒயரின் நீளத்தையும் மெலிவையும் சொல்லும் எண், ஒலியின் தரத்தை அது சொல்லாது. ரொம்ப இறக்கி வாசிப்பவர்களுக்கு அதிகச் சூடான, அதாவது வெளியீடு மிக அதிகமான பிக்கப் எதிரி. அடி ஒலி எல்லாம் சேறாகிவிடும். டிஸ்டார்ஷனை ஆம்ப் தரட்டும், பிக்கப் தெளிவைத் தந்தால் போதும். என் கட்சி இதில் உறுதியாக அதுதான்.

இன்னொன்று, முதல் மெட்டல் சத்தமே ஹம்பக்கரில் பிறந்தது இல்லை. பிளாக் சப்பாத்தின் டோனி அயோமி வைத்திருந்த கிப்ஸன் எஸ்ஜி கிட்டாரில் சிங்கிள் காயில் வகைதான் இருந்தது. அவர் கதை நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டியது. பர்மிங்காமில் தகரம் வெட்டும் தொழிற்சாலையில் வேலை, 17 வயது, வேலையின் கடைசி நாள், இயந்திரம் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை எடுத்துவிட்டது. இடது கைக்காரர் என்பதால் ஃப்ரெட்டை அமுக்கும் கையே அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குக் குப்பி செய்து, அதன் மேல் பழைய ஜாக்கெட்டின் தோலை ஒட்டிக்கொண்டார். மெல்லிய கம்பி போட்டார், பிறகு வலி குறையச் சுருதியையும் இறக்கினார். வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் தோலோடு வேலை செய்கிறவர்களிடம் இதைச் சொன்னால், எந்தத் தோல், எவ்வளவு மெல்லிசு என்றுதான் முதலில் கேட்பார்கள்.

தோல் என்றதும் ஞாபகம் வருகிறது, ஸ்ட்ராப்பைக் கடையில் வாங்காதே. ஆம்பூர்ப் பக்கம் பெல்ட் தைக்கிறவரிடம் சொல்லி அடித்துக்கொள். ஷூ அப்பருக்குப் போகும் மெல்லிய தோல் வேண்டாம், இடுப்பு பெல்ட்டுக்குப் போகும் தடிமன் கேள். அகலம் 3 அங்குலம். உள்பக்கம் சொரசொரப்பாகவே விடச் சொல், பாலிஷ் வேண்டாம். அப்போதுதான் நெக் கனமான கிட்டார் தலை குப்புறச் சரியாமல் தோளில் பிடித்து நிற்கும். இரண்டு முனையிலும் சாவித்துளை மாதிரி வட்டமும் கீறலும் போடச் சொல், துளை சின்னதாக இருக்கட்டும், புதுத் தோல் இழுத்தால் கொடுக்கும்.

வாங்கப் போகிற நாளைப் பற்றி. சென்னை அண்ணா சாலையில் 1842லிருந்து இருக்கும் மியூஸி மியூசிக்கல் மாதிரிக் கடைகள் உண்டு. ஆனால் உனக்கு ஜோலார்பேட்டையில் ரயில் ஏறிப் பெங்களூரு போவதுதான் கிட்டம். செகண்ட் ஹேண்டும் அங்கேதான் அதிகம் வரும். கடையில் முதலில் ஆம்ப்பில் சொருகாமல் வாசி. ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் அமுக்கிப் பார், எங்காவது செத்துப் போனாலோ கரகரத்தாலோ குறித்துக்கொள். நெக்கின் ஓரத்தில் உள்ளங்கையை ஓட்டு. நம் ஊர் சித்திரை வெயிலில் மரம் சுருங்கி ஃப்ரெட் முனை வெளியே நீட்டிக் கையைக் கீறும், ஏற்கெனவே கீறுகிறதென்றால் வேண்டாம். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அமுக்கிய சுரமும் அதே இடத்தில் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கும் டியூனரில் ஒன்றாக வர வேண்டும். இதெல்லாம் முடிந்த பிறகு சொருகு. வால்யூம், டோன், சுவிட்ச் ஒவ்வொன்றையும் திருகிப் பார், கேபிளை ஜாக்கில் ஆட்டிப் பார்.

பணத்தை முழுக்கக் கிட்டாரில் கொட்டாதே. பாதிக்குக் கொஞ்சம் மேல் கிட்டாருக்கு, மிச்சம் ஆம்ப்புக்கும் செட்டப்புக்கும். சாதாரண கிட்டார் நல்ல ஆம்ப்பில் மெட்டலாக ஒலிக்கும், நல்ல கிட்டார் மட்டமான ஆம்ப்பில் கொசு மாதிரி கத்தும். ஹெட்ஃபோன் ஓட்டை உள்ள சின்ன ஆம்ப்பாகப் பார். இரவு பத்து மணிக்கு மேல் அம்மாவும் பக்கத்து வீட்டு அத்தையும் தூங்க வேண்டும்.

கிட்டார் வந்ததும் பிக்கப்பை உடனே மாற்றத் தோன்றும். அதற்கு முன்னால் ஒரு ஸ்க்ரூடிரைவர் வைத்தியம் செய். கடைசி ஃப்ரெட்டில் ஆறாவது கம்பியை அமுக்கிப் பிடித்து, கம்பிக்கும் பிரிட்ஜ் பிக்கப்புக்கும் 2.5 மில்லிமீட்டர் இடைவெளி வை, முதல் கம்பிப் பக்கம் 2. ரொம்ப நெருங்கினால் காந்தம் கம்பியைப் பிடித்து இழுத்துச் சுரத்தைக் கெடுக்கும், ரொம்பத் தள்ளினால் சத்தம் சோகையாக இருக்கும். அதற்கப்புறமும் மாற்றத்தான் வேண்டுமென்றால், இஎம்ஜி போடுவதற்கு முன் கிட்டாரின் பின் மூடியைத் திறந்து பேட்டரிக்கு இடம் இருக்கிறதா என்று பார். வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர்களையும் (பாட்) மாற்ற வேண்டும், பாஸிவ் ஹம்பக்கருக்கு 500 கே, இஎம்ஜிக்கு 25 கே. கழற்றிய பழைய பிக்கப்பையும் பாட்களையும் ஒரு கவரில் போட்டு கிட்டார் பைக்குள்ளேயே வை. நாளைக்கு நீ வேறு ஆறு கம்பிக் கிட்டாருக்கு மாறும்போது பழசையே திருப்பிப் பொருத்தி விற்கலாம், புதுப் பிக்கப் உன்னோடே வந்துவிடும்.